பெட்டிக்கு வெளியே நீட்டிய கால்கள்

பல்சுவை அரங்கம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அதன் வரலாற்றை எழுதுகிறவர் கொண்டுவந்த புகைப்படத்தை அங்கே வித்தை காட்டிய மந்திரவாதியின் மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். இரண்டாக அறுத்த பெட்டி. ஒரு பாதியில் சிரிக்கும் தலை அவளுடையது; மறுபாதியில் வெளியே நீட்டிய இரண்டு கால்கள். முழங்காலை மடக்கி உள்ளே கிடந்தவள் அந்தக் கால்களை ஒருநாளும் பார்த்ததில்லை. "இந்தக் காலு ரப்பர்னுதானே சொன்னீங்க?" "ரப்பர்தான். தொழில் ரகசியம், சத்தமா கேக்காதே," என்கிறார் கணவர், உரிக்கிற ஆரஞ்சுப் பழத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல். ரப்பர் காலின் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கையிடம், "நீ அரங்கத்துக்கு வந்திருக்கியாடி?" என்கிறாள். "நானா? அந்த வாசப்படியே மிதிச்சதில்லக்கா." சொல்லிக்கொண்டே தங்கை, செருப்பில்லாத கால்களை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறாள்.