வைஃபை பெட்டியின் காவல்

அலமாரிக்குப் பின்னால் இருந்த வைஃபை பெட்டிக்கு அன்று தலைகால் புரியவில்லை. சாப்பிடும் நேரத்தில் குழந்தை யாழினிக்கு நெட் கொடுக்கக் கூடாது என்று, அவள் அம்மா கயல்விழி அதனிடம்தான் பொறுப்பை ஒப்படைத்திருந்தாள்.

"டேப், லேப்டாப், நீ, எல்லாரையும் நிறுத்திட்டேன். என்னைத் தாண்டி ஒரு பொம்மைப் படம் உள்ள வந்துடுமா?" என்று பெட்டி டிவியிடம் கேட்டது.

"வராதுண்ணே."

அப்போது சமையலறையிலிருந்து மேளதாளத்தோடு யானைப் பாட்டு கேட்டது.

"பார்த்தியா! நெட்டை நிறுத்தினதும் குழந்தை தானே பாட ஆரம்பிச்சிடுச்சு!" பெட்டி பச்சை விளக்கைப் பெருமையாகச் சிமிட்டியது.

டிவி இருந்த இடத்திலிருந்து சமையலறை தெரிந்தது. கயல்விழி ஒரு கையில் பருப்புச் சோறும், மறுகையில் சிம் நெட்டில் ஓடும் தன் செல்போனுமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்: "இன்னும் ஒரே ஒரு வாய் வாங்கிக்கோடா செல்லம், அடுத்த பாட்டு வைக்கிறேன்."

"நல்லாத்தான் பாடுதுண்ணே" என்றது டிவி.