இடது பக்கம் இழுக்கும் வண்டி

"இதுவும் இடப்பக்கமாத்தான் இழுக்குதுப்பா" என்றபடி செவெல் காரிலிருந்து இறங்கினார் வெண்டல்.

மெக்கானிக் ஆரினுக்குச் சுருக்கென்றது. பனிக்காலம் முடிந்து அந்தப் பழைய காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்ததிலிருந்து, அதற்கு அவன் பூட்டிய மூன்றாவது முன்பக்க சஸ்பென்ஷன் இது. கம்பெனிகள் மாறின, புகார் மாறவில்லை.

"மூணுல எது தேவலை? சொல்லுங்க, அதையே மாட்டித் தர்றேன்."

"முதலாவது குழியில தூக்கிப் போட்டுச்சு. ரெண்டாவது வளைவுல அருமை. இதுல ஒத்தை விரலால ஸ்டியரிங்கைத் திருப்பலாம். ஆனா நேர் ரோட்டுல மூணும் ஒண்ணுதான். கையை எடுத்தா மக்காச்சோளக் காட்டுக்குள்ள போயிடும்."

சனிக்கிழமை பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில் இந்த மனிதர் வாயைத் திறந்தால் போதும், ஒஹாயோவில் ஒருத்தனும் ஆரின் கடைப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். அவனுக்கென்று இருந்ததே அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

"உங்க எடைக்கும் உங்க வீட்டம்மா இர்மா எடைக்கும் ரெண்டு சீட்லயும் மணல் மூட்டை வச்சு, மட்டம் பார்த்துத்தான் பூட்டினேன். ஒவ்வொரு தடவையும் உங்களைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டினேன். அம்பு மாதிரி போச்சே!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று முணுமுணுத்தபடி சாவியை வாங்கினான் ஆரின். கிழவர் காபிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் தனியாகவே கிளப்பிக்கொண்டு போனான்.

நேர் சாலையில் கையை எடுத்தான். வண்டி இடப்பக்கம் இழுத்தது. காலியாயிருந்த பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"கண்டுபிடிச்சிட்டேன் பெரியவரே!" என்று சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான். "சஸ்பென்ஷன் மேல தப்பே இல்ல. எத்தனை பேர் போவீங்கன்னு கேட்டப்பல்லாம் 'நானும் இர்மாவும்'னீங்க. ரெண்டு பேர் உக்காந்தா நேராப் போகுது, ஒத்தை ஆள் ஓட்டினா, டிரைவர் உக்கார்ற இடப்பக்கமே பாரம் இறங்கி இழுக்குது. என்ன, வீட்ல சண்டையா? மகாராணி வண்டியில ஏற மாட்டேங்கிறாங்களா?"

வெண்டல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன பனிக்காலத்துலயே போய்ச் சேர்ந்துட்டா. ஒவ்வொரு தடவை நீ கேக்குறப்பவும், ஒரே ஆள்தான்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஆரினுக்குத் தன் கிண்டலே நெஞ்சில் தைத்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றான் மெதுவாக. "வண்டியை உள்ள விடுங்க. ஒரு ஆளுக்கு மட்டம் வச்சுத் தந்துடறேன். அப்புறம் இழுக்கவே இழுக்காது."

வெண்டல் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா. அவ இல்லைன்னு அதுக்காவது தெரியுதே."