கதகதப்பு

மலாயாவில், மெர்சிங் ரப்பர்த் தோட்டத்துத் துரைக்குச் சீமையிலிருந்து தாயார் கடிதம் எழுதியிருந்தாள். வீட்டு பாய்லரின் தண்ணீர் குளிரில் உறைந்து, இரும்பே பிளந்துவிட்டதாம். புதிது வாங்கியும், அது உறையாமலிருக்க இரவெல்லாம் கரி எரிக்கக் கட்டுப்படியாகவில்லையாம்.

பங்களாவில் பாதி விறகிலேயே வெந்நீர் போடுகிற அங்கம்மாவிடம் யோசனை கேட்கச் சொன்னார் துரை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்.

“எதுக்குங்கய்யா எரிக்கணும்? கதகதப்பா இருந்தாப் போதும். மேலே கனமா சாக்கைச் சுத்தணும். அடியில ரெண்டு தணலைச் சாம்பல் போட்டு மூடினா விடியிற வரைக்கும் தாங்கும்.”

குளிர்தேசச் சண்டைக்குப் போய்வந்த யாரோ இவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தபடி அதை எழுதி அனுப்பினார் கிராணி.

அடுத்த குளிர்காலம் கழிந்து பதில் வந்தது. அந்தத் தெருவிலேயே தப்பியது அந்த ஒரு பாய்லர்தான்.

கிராணி அங்கம்மாவைக் கூப்பிட்டார். “தண்ணி உறையிறத எங்கே பார்த்தே?”

“நான் எங்கேங்கய்யா பார்த்தேன்? நீங்க சொல்லித்தான் தெரியும்.”

“அப்புறம் எப்படி?”

“அடைமழையில எனக்கு ஏழாம் மாசமே புள்ள பொறந்துடுச்சு. உள்ளங்கையில அடங்குச்சு. பழந்துணியைச் சுத்தி, தொட்டிலுக்கடியில தணலை மூடி வச்சு, ரெண்டு மாசம் கண்ணசராம காத்தேன்.”

“பொழச்சுதா?” என்று கேட்டார் மாசிலாமணி.

அங்கம்மா வாசலைக் காட்டினாள். நிறைமாத வயிற்றோடு, ரப்பர்ப் பால் வாளியைத் தலையில் சுமந்து அவள் மகள் போய்க்கொண்டிருந்தாள்.

எந்தக் கூலிக்காரிக்கும் எழுந்தறியாத கிராணி, நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.