ஷெல்பியின் மூடிய கை

ஷெல்பி மறுபடியும் கையை மூடித் தலைக்குமேல் தூக்கினாள். ஒரே ஆட்டத்தில் இது நாலாவது தடவை.

கோச் லொரெட்டா பெஞ்சிலிருந்து எழுந்து களத்தின் ஓரத்துக்கு வந்தாள். மூடிய கை என்றால் ‘மூச்சு முட்டுது, வெளியே எடு’ என்று அர்த்தம். தூக்கியவளைக் கேள்வி கேட்காமல் உட்கார வைக்க வேண்டும். அவளே ‘நான் ரெடி’ என்றதும் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்தில் வழிவழியாக வரும் ஏற்பாடு.

“ட்வைட், ஷெல்பியையும் கென்ஸியையும் எடு!”

எப்போதும் ஜோடியாகத்தான் எடுப்பாள். கூடைக்கடியில் நிற்கும் ஆறடி மூணங்குலக் கென்ஸிக்கு ஷெல்பி பந்து கொடுத்தால்தான் வேலை. ஷெல்பி இல்லாத களத்தில் அவள் வெறும் விளக்குக் கம்பம்.

ரெண்டு பேரும் பெஞ்சுக்கு வந்தார்கள். கென்ஸி துண்டைத் தலையில் போட்டுக் குனிந்துகொண்டாள். லொரெட்டாவின் கண் ஷெல்பியை விட்டு நகரவில்லை.

“எத்தன நிமிஷம்டா ஆடியிருக்கா?”

உதவிக் கோச் ட்வைட் தாளைப் பார்த்தான். “இருபத்தாறுதான் கோச்.”

“போன வருஷம் முப்பத்தெட்டு ஆடிட்டு பஸ்ல டான்ஸ் வேற ஆடுனா. இவளுக்கு என்னடா ஆச்சு?”

“முப்பதாவது மேட்ச் கோச். இரும்பா இருந்தாலும் தேயாதா?”

அந்த அரையிறுதியை ரெண்டே புள்ளியில் தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். சனிக்கிழமை இறுதி ஆட்டம். அதில் ஜெயித்தால் தேசியப் போட்டி. லொரெட்டா பத்தொன்பது வருஷமாக அந்த வாசலைத் தொட்டதில்லை. இந்த முறையும் இல்லையென்றால் வேறு கோச் பார்ப்போம் என்று கல்லூரியில் ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள்.

லொரெட்டா களைப்பு என்ற சொல்லையே நம்பாத பிறவி. மேற்கு வர்ஜீனியா நிலக்கரிக் குடும்பம். அக்டோபரில் கென்ஸி ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினாள். அவ்வளவுதான்.

“எங்கப்பன் சுரங்கத்துல ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்து, கரி மூஞ்சியோட விறகு பொளந்தாருடி! உனக்குப் பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குதா? உக்காரு!” ஆட்டம் முடியும் வரை கென்ஸி உட்கார்ந்தேதான் இருந்தாள்.

அதன்பிறகு இந்த அரையிறுதி வரை அணியில் ஒரு கையும் எழவில்லை. பிள்ளைகள் உரமேறிவிட்டார்கள் என்று லொரெட்டா பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஷெல்பியின் கை வேறு. அது எழுந்தால் சுரங்கக் கூரை விரிசல் விட்ட சத்தம் மாதிரி. அடுத்து தலையில் என்ன விழும் என்று தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் லொரெட்டா எழுந்து நின்றாள். “நாளைக்குப் பயிற்சி கிடையாது. மத்த ரெண்டு நாளும் முக்கா மணி நேரம்தான். ஓட்டமே கிடையாது. ஒழுங்கா தின்னுட்டுத் தூங்குங்கடி!”

பின்சீட்டிலிருந்து ஒருத்தி மெல்லக் கேட்டாள். “கோச், உங்களுக்கு உடம்புக்கு ஏதும்…?”

“வாய மூடு. இல்லேன்னா உனக்கு மட்டும் ஓட்டம்.”

ட்வைட் காதைக் கடித்தான். “ஷெல்பிக்கு மட்டும் லீவு விட்டாப் பத்தாதா?”

“ஒருத்திக்கு விட்டா மிச்சம் பதினொண்ணும் என்னை உசுரோட தின்னுடும்.”

வியாழக்கிழமை வழக்கமான குதிப்புச் சோதனை. கால் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்று, குதிக்கும் உயரத்தை அளக்கும் பலகை காட்டிக்கொடுத்துவிடும். ட்வைட் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

“கோச், ஷெல்பி நவம்பர்ல குதிச்சதவிட ஒரு அங்குலம் ஜாஸ்தியா குதிச்சிருக்கா.”

“ஒரே நாள் தூக்கத்துலயா? அந்தப் பலகைய அடுப்புல வை.”

சனிக்கிழமை லொரெட்டா பந்தைப் பார்த்ததைவிட ஷெல்பியின் வலது கையைப் பார்த்ததுதான் அதிகம். பத்து நிமிஷம் போனது. இருபது போனது. கை எழவில்லை. இடைவேளையில் சாப்பிட வாங்கிய பெப்பரோனி ரோல் கோட்டுப் பையிலேயே ஆறிப்போனது.

கடைசிப் பத்து நிமிஷத்தில் எதிரணிப் பெண்கள் அரைக்கால் சட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். இந்தப் பக்கம் கென்ஸி அப்போதுதான் எழுந்து குளித்துவிட்டு வந்தவள்போல் எகிறி எகிறிப் பந்தைப் பிடுங்கினாள். ஒன்பது புள்ளியில் ஜெயம்.

ஏணி வந்தது. ஜெயித்தவர்கள் ஆளுக்கொரு துண்டாகக் கூடை வலையை வெட்டி எடுத்துக்கொள்வது வழக்கம். கென்ஸி உச்சிப்படியில் நின்று காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலுக்குக் காத்து நின்ற ஷெல்பியை லொரெட்டா இழுத்துக் கட்டிக்கொண்டாள். கோச்சின் கண் கலங்கியிருந்தது.

“அடியே, நாப்பது நிமிஷம் முழுசா ஆடிருக்க! செவ்வாக்கிழம நாலு தடவ கையத் தூக்கினவ, இன்னைக்கு ஒரு தடவகூடத் தூக்கலயேடி?”

ஷெல்பி ஏணியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கோச்சின் காதோரம் குனிந்து சொன்னாள்.

“இன்னைக்குக் கென்ஸிக்கு மூச்சு வாங்கல, கோச்.”