மார்ச் கயிறு

சனிக்கிழமை வந்தாலே ஸ்லாட்காவுக்குக் கணவனின் உடையில் ஏதாவது குறை சொல்லியாக வேண்டும்.

"என்னய்யா போயன், மே மாசம் பிறந்தாச்சு. மார்ச் ஒண்ணாந்தேதி கட்டின மார்ச் கயிறு இன்னுமா கையில? சிவப்பு வெளுத்து, வெள்ளை அழுக்கேறி, அந்த நீலச் சட்டைக்குக் கொஞ்சமும் எடுப்பா இல்ல."

"பூத்த மரத்தைக் கண்ணால பார்த்துட்டு, அதுலதானே அவிழ்த்துக் கட்டணும்? நான் இன்னும் பார்க்கலையே!"

"ஊரெல்லாம் பிளம் பூத்துக் கொட்டியே போச்சு."

"என்னைச் சொல்றியே, இந்த வெயில்ல நீ ஏன்டி கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கே?"

ஸ்லாட்கா சிரித்தபடி எழுந்து கோட்டைக் கழற்றினாள். பாவாடை விளிம்பிலிருந்து தோள்வரை ஒரு பிளம் மரம், கிளை கிளையாக வெள்ளை நூலில் பூத்திருந்தது. ஆறு வாரமாக அவள் தைத்தது.

போயன் பார்க்கப் பார்க்க, தோளில் நிஜமாகவே கிளை அசைவதுபோல் இருந்தது அவளுக்கு. அவன் கயிற்றை அவிழ்த்து அவள் தோள் பொத்தானில் கட்டினான்.

மணி அடித்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது.

கைதி கொடுத்த எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. வாசல் காவலர் கயிற்றைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"மரத்துல கட்டினதை அவிழ்க்கக் கூடாதும்மா," என்று சிறைக் கதவைத் திறந்துவிட்டார்.