பீரோவுக்குள் மைக்

பீரோவைத் திறந்ததும் சத்தம் அவள் வயிற்றில் வந்து இடித்தது.

சேலைகளுக்கு நடுவே கணவனின் கிடார் ஆம்ப், ஒலிபெருக்கிப் பெட்டி. அதன் வாயருகே மைக்; அதில் விழுவதைத்தான் அவன் ஹெட்போனில் கேட்பான். கீழ்த்தட்டைக் கழற்றி அவன்தான் வைத்தான், பத்து மாதம் முன்பு. கீழ்வீட்டுக்காரர் குடியிருப்போர் சங்கத்தில் புகார் சொல்லிவிட்டார், என்ன செய்வது? சத்தமாக வாசித்தால்தான் அந்த டோன் வருமாம். மூடி வைத்தால்தான் குடித்தனம் நடக்கும்.

ஏதோ வெளிநாட்டுக் குழுவின் பழைய பாட்டு. அதில் முதல் நாற்பது வினாடி கிடார். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் ஈரம். அதைத்தான் அவன் தேடுகிறான். காலடியில் ஒலியை மாற்றும் ஏழு பெடல்கள். குனிந்து ஒரு குமிழை மயிரிழை திருப்புவான். வாசிப்பான். உதட்டைப் பிதுக்குவான். மறுபடி குனிவான்.

காலையில் சொல்லியிருந்தாள். கோவையில் வேலை கிடைத்துவிட்டது. தங்க இடமும் பார்த்தாயிற்று. இனி இங்கே வரப்போவதில்லை.

அவன் தலையை ஆட்டினான்.

தாளத்துக்கும் அப்படித்தான் ஆட்டுவான்.

சுங்குடியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். காட்டன் நான்கையும் எடுத்தாள்.

"அந்தப் பட்டுச் சேலையை மட்டும் விட்டுடு" என்றான், ஹெட்போனைக் கழற்றாமலே. "அதை எடுத்தா சத்தம் காதுல குத்துது."

முகூர்த்தப் பட்டு. ஆம்ப்புக்கு முன்னால் மடிப்புக் கலையாமல் அவனேதான் தொங்கவிட்டான். அன்றைக்கு அதைப் பிரியம் என்று நினைத்தாள்.

இழுத்தாள். ஜரிகை உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது. விடுவிக்கத் தலையையும் ஒரு தோளையும் பீரோவுக்குள் நுழைத்தாள்.

கிடார் நின்றது. மறுபடி தொடங்கியது.

வந்துவிட்டது.

அவளுக்கே தெரிந்தது. பத்து மாதமாகச் சமையலறையில் நின்று கேட்டவள். அதே கரகரப்பு. அதே ஈரம்.

"அசையாதே. அப்படியே நில்லு. ரெக்கார்ட் பண்றேன்."

நின்றாள். கழுத்து வளைந்து, பாச்சை உருண்டை வாசனைக்குள்.

நாற்பது வினாடி முடிந்தது. அவன் நிறுத்தவில்லை. முதலிலிருந்து வாசித்தான். பிறகு இன்னொரு தடவை.

மூச்சைக்கூடப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

கையில் போன் அதிர்ந்தது. டாக்ஸிக்காரர்.

"ப்ச், எடுக்காதே."

அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது.

மைக்குக்கு நேராக இருந்தது அவள் வாய்.

"இதோ, இறங்கிட்டேன் தம்பி."

கிடார் பாதியில் அறுந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைக்கும் சத்தம்.

"எங்க?" என்றான்.

அவள் தலையை வெளியே எடுத்தாள். குனிந்து பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினாள்.