உதட்டோரத்து வெண்புள்ளி

“புதுசா ரெண்டு புள்ளி வந்திருக்கேம்மா. இப்ப ஒட்டு வைக்க முடியாது” என்றார் டாக்டரம்மா.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, எதிரே நிலைக்கண்ணாடியில் தன் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பவள். எந்த வெண்புள்ளி எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

களிம்பு தடவியாயிற்று. வாரம் இரண்டு நாள் ஒளி சிகிச்சைக்கும் போயாயிற்று. புருவத்தோரமும் காதோரமும் பாதிக்குப் பாதி நிறம் திரும்பிவிட்டது. உதட்டோரத்தில் இருந்தது மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து அங்கே ஒட்டலாம், ஆனால் ஒரு வருஷம் புதுப்புள்ளி எதுவும் வரக்கூடாது என்று பழைய டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒட்டு வைக்கும் இந்த டாக்டரம்மா அவளை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஃபைலில் பழைய டாக்டர் எழுதியதை எழுதியவராலேயே படிக்க முடியாது. மிச்சமிருந்த சாட்சி, போன வருஷத்துப் போட்டோ ஒன்றுதான். அதில் உதட்டோரத்தில் மட்டுமே புள்ளி.

“புருவத்துலயும் காதுலயும் இருக்கிற அந்த ரெண்டும் அப்பவே இருந்துச்சு டாக்டர்.”

“மனுஷங்க மறந்துடுவோம்மா. போட்டோ மறக்காது” என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். மாத்திரை எழுதித் தருவதாகவும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றும் சொன்னார்.

பக்கத்தில் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். ஒட்டு என்று பேச்செடுத்த நாளிலிருந்தே அவர் சுரத்தில்லாமல்தான் இருந்தார். அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார். எல்லாப் புருஷன்களும் சமாதானத்துக்குச் சொல்வதுதானே என்று அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவள் கண் கலங்கப் பையை எடுத்தாள். அப்போது அவர் தொண்டையைச் செருமினார்.

“டாக்டர், இவ சொல்றது நிஜம். ரெண்டும் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்.”

அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். இருபது வருஷமாக அங்கிருந்து ஒரு பரு, ஒரு தழும்பு வெளியே போனதில்லை. டாக்டருக்காக மனைவியை எடுத்த போட்டோவையும், கைப்பழக்கத்தில் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டார். துடைக்காத படத்தைத் தேதியோடு செல்போனில் எடுத்து நீட்டினார்.

டாக்டரம்மா பெரிதாக்கிப் பார்த்தார். மூன்று புள்ளிகளையும் எண்ணினார். சிரித்துக்கொண்டே, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வாருங்கள், வைத்துக்கொள்கிறேன் என்று கணவரின் கையைக் கிள்ளினாள். பாதிப் படியில்தான் ஒன்று உறைத்தது.

“சின்னது ரெண்டையும் அழிச்சீங்க. உதட்டோரத்துல இருக்கிறதுதானே பெருசு. அதை மட்டும் ஏன் விட்டீங்க?”

அவர் சீட்டைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அதையும் அழிச்சேன். பார்த்தா உன்னை மாதிரியே இல்ல, திரும்பக் கொண்டுவந்துட்டேன். இன்னிக்கு உள்ள நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா, இன்னும் ஒரு வருஷம் அதைப் பார்த்துட்டு இருந்திருப்பேன்.”